இராயக்கோட்டைப் பாதையும் கடம்பூர் மாளிகையும்

சானமாவு என்றதும் செய்தித்தாள் படிப்போர் நினைவுக்கு முதலில் வருவன யானைகளே. ஆண்டுதோறும் கர்நாடகக் காடுகளிலிருந்து தளி, சவளகிரி வழியாக இறங்கிவரும் யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டில் தங்கி, இராகியும் நெல்லும் விளைந்த வயல்களை நாடிச் செல்கின்றன. ஒருபுறம் ஓசூரின் தொழிற்சாலைகள். மறுபுறம் யானைகளின் வழித்தடம். இடையே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும் சிற்றூர்கள். இவ்வழியே இராயக்கோட்டைக்குப் பேருந்தில் செல்லும் இளைஞர் ஒருவர் கையில் சரித்திர நாவல் ஒன்று இருக்குமாயின், அதில் வரும் படைகளும் ஒற்றர்களும் தஞ்சையிலும் காஞ்சியிலும் மட்டுமே உலவியவர்கள் என்று அவர் எண்ணக்கூடும். அவர் சென்றுகொண்டிருக்கும் பாதையே ஒரு பெரும் போரின் பாதை என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

1791-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காரன்வாலிஸ் பிரபுவின் படைகள் ஓசூர்க் கோட்டையைக் கைப்பற்றின. அதே திங்களில் இராயக்கோட்டையும் வீழ்ந்தது. நவம்பரில் மாக்ஸ்வெல் என்னும் தளபதி கிருட்டிணகிரியைத் தாக்கினார்; பேட்டை பிடிபட்டது, மலைமேல் கோட்டையோ பணியவில்லை. 1792-இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் கம்பெனியாருக்குச் சென்றது. ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தானிடமே நின்றது. ஆகவே ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் இரண்டு பகையரசுகளின் எல்லை, இராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் இடையே சென்றது. 1799 மார்ச்சுத் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸ் தம் பெரும்படையுடன் இராயக்கோட்டை அருகே பாளையமிறங்கினார். பின்னர்க் கெலமங்கலம் வழியாகச் சீரங்கப்பட்டணம் நோக்கிப் புறப்பட்டார். அப்படையில் ஒருவராகச் சென்ற ஆர்தர் வெல்லெஸ்லி என்பவரே பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு.

படை இருந்த இடத்தில் ஒற்றும் இருந்தது. 1790 முதல் 1792 வரை நிகழ்ந்த போரில் ஆங்கிலேயரின் உளவுப் பணியை நடத்தியவர் அலெக்சாந்தர் ரீடு என்னும் அதிகாரி. போர் முடிந்ததும் அதே ரீடிடம்தான் பாரமகாலின் ஆட்சிப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது; அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர் தாமசு மன்றோ. நேற்றுவரை ஒற்றர்களின் செய்தியைக் கேட்டவர், இன்று உழவர்களின் நிலத்தை அளக்க வந்தார் என்றால், இதைவிடச் சுவையான கதைத் தொடக்கம் வேறென்ன வேண்டும்?

கடல் கடந்த கதைகள்

இம்மண்ணின் போர்களைக் கண்டு முதலில் நாவல் எழுத முனைந்தவர்கள் கடல் கடந்தவர்களே. ஐதராபாத்து நிசாமின் பணியில் இருந்த மெடோஸ் டெய்லர் 1840-இல் 'திப்பு சுல்தான்' என்ற நாவலை வெளியிட்டார். 1896-இல் ஹென்டி என்பவர் இளைஞர்களுக்காக 'மைசூர்ப் புலி' எழுதினார். இவ்விரண்டிற்கும் இடையே, 1868-இல், வில்கி காலின்சு எழுதிய 'சந்திரகாந்தக் கல்' ஆங்கிலத் துப்பறியும் நாவல்களின் முன்னோடி என்று போற்றப்படுகிறது.

அந்நூல் தொடங்குவது எங்கே தெரியுமா? 1799 மே 4-ஆம் நாள் வீழ்ந்த சீரங்கப்பட்டணத்தில். இராயக்கோட்டை வழியாகச் சென்ற அதே படையெடுப்பின் முடிவில், கொள்ளையின் வெறியில், ஓர் ஆங்கிலச் சேனாதிகாரி கொலை செய்து ஒரு வைரத்தைக் கவர்கிறான். ஆண்டுகள் பல கழிந்தபின் அவ்வைரம் இங்கிலாந்தில் அவனுடைய மருமகளின் பிறந்தநாள் பரிசாக வந்து சேர்கிறது, அன்றிரவே காணாமற்போகிறது. அவளை நேசிக்கும் இளைஞன்மீதே ஐயம் விழுகிறது. முடிச்சை இங்கே அவிழ்ப்பது முறையன்று. வைரம் கற்பனை, ஆனால் கோட்டை வீழ்ந்தபின் நடந்த கொள்ளை வரலாறு. ஓர் அநீதி எத்தனை கடல் கடந்தாலும், எத்தனை தலைமுறை கடந்தாலும், குற்றமற்றவர்களின் இல்லத்திற்குள் புகுந்து அமைதியைக் குலைக்கும் என்பதே கதையின் உயிர்நிலை.

போர், மர்மம், காதல் ஆகிய மூன்று இழைகளும் இங்கு ஒன்றாகப் பின்னப்பட்டிருப்பதைக் காண்க. போர், மாந்தரை நெருக்கடியில் நிறுத்துகிறது. மர்மம், உண்மையைத் தேடும்படி நம்மை அழைக்கிறது. காதல், ஐயம் சூழ்ந்த வேளையில் ஒருவரை ஒருவர் நம்ப முடியுமா என்று சோதிக்கிறது. இம்மூன்றும் அளவோடு கலந்த நாவல் எந்நாட்டு வாசகரையும் ஈர்ப்பதில் வியப்பில்லை.

தமிழில் பிறந்த கதை

தமிழில் நாவலுக்கு வித்திட்டவர் நம் கத்தோலிக்க மரபில் வந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்பது நம் இல்லங்கள் மறவாத செய்தி. மாயூரத்தில் முன்சீபாக இருந்த அப்பெருமகனார் 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1895-இல், திரிகோணமலையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த சரவணமுத்துப் பிள்ளை 'மோகனாங்கி'யை எழுதினார். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று அறிஞர் குறிப்பது அதனையே. தஞ்சை, திருச்சி நாயக்க மன்னர்களின் பகையும், அப்பகைக்கு நடுவே முளைத்த காதலும் அதன் பொருள்.

அப்பகை கற்பனை அன்று. மதுரை நாயக்கரான சொக்கநாதர் தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளை மணம் பேசியதும், மறுக்கப்பட்டதும், அதன் விளைவாக மூண்ட போரில் 1673-இல் தஞ்சை வீழ்ந்து விசயராகவர் மாண்டதும் வரலாற்றாசிரியர் கூறும் செய்திகள். இந்நாயக்கர் காலத்து வரலாற்றை எழுதப் பெருந்துணையாக நின்றவற்றுள், மதுரை மறைபணித்தளத்தின் இயேசு சபைக் குருக்கள் தம் தலைமைக்கு ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களும் அடங்கும். போர், பஞ்சம், மக்கள் இடம் பெயர்தல் ஆகியவற்றைக் கண்டவாறு எழுதிவைத்த அக்கடிதங்கள் இல்லையெனில், அக்காலத்தைப் பற்றிய நம் அறிவு பெரிதும் குறைந்திருக்கும். கதை எழுதுவோருக்குக் கற்பனை மட்டும் போதாது; சான்று வேண்டும். அச்சான்றைப் பேணி வைப்போரும் வேண்டும்.

வேதநாயகர் வாழ்ந்த அதே மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. அவருக்கும் சானமாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சானமாவுக் காட்டை அடுத்துள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தவர் இராஜாஜி. அவர் திருச்செங்கோட்டை அடுத்து நடத்திய காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக்காக வெளிவந்த 'விமோசனம்' இதழில் பணியாற்றியவர் கல்கி. பின்னர் 1941-இல் கல்கி வார இதழ் தோன்றியபோது, அதன் பக்கங்களில் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகியவை அடுத்தடுத்து வந்தன. தொரப்பள்ளிப் பெரியவரின் இராமாயண, பாரத எழுத்துகளும் அதே இதழில் வந்தன. வாரந்தோறும் அஞ்சலில் வந்த இதழை ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் அனைவரும் சுற்றியமர்ந்து கேட்ட காலம் அது.

கல்லில் இருப்பதும் கதையில் இருப்பதும்

இந்நாவல்களுள் மர்மத்திற்கும் போர்க்காலச் சூழ்ச்சிக்கும் தலைசிறந்தது 'பொன்னியின் செல்வன்'. 1950-இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து, ஐந்து பாகங்களாக விரிந்த இக்கதையை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தமிழர் விடவில்லை. 2022-இலும் 2023-இலும் மணிரத்தினத்தின் இயக்கத்தில் இரண்டு பாகங்களாகத் திரைப்படம் வந்தபோது, நாவலை அறியாத இளைஞர்களும் கேட்ட கேள்வி ஒன்றே: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்?

கேள்வி கல்கி படைத்தது அன்று. பாண்டிய மன்னன் வீரபாண்டியனைப் போரில் வென்று தலைகொண்டவன் என்று புகழப்பெற்ற சோழ இளவரசன் ஆதித்தன் கொலையுண்டது உண்மை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் எனச் சிலரைப் பெயர் சுட்டி, அவர்களுடையவும் அவர்தம் உற்றாருடையவும் உடைமைகளைப் பற்றி அரசன் விடுத்த ஆணையை அது கூறுகிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் அதில் வரும் பெயர்கள்.

துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. இரவிதாசனுக்கு வழங்கிய பட்டம் பஞ்சவன் பிரமாதிராசன். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். பரமேசுவரனின் பட்டமோ இருமுடிச்சோழ பிரமாதிராசன். ஒரு பட்டம் பகைவனின் பெயரைத் தாங்க, மற்றொன்று சோழனின் பெயரையே தாங்குகிறது. கொலை வெளிப்பகையா, உட்பகையா? கல்வெட்டு அதற்கு மேல் பேசவில்லை.

கொலைக்குப் பின் அரியணை ஏறியவர் இராசராசன் அல்லர். சிற்றப்பன் முறையினரான உத்தம சோழர். இராசராசன் பட்டமேறியது 985-இல். ஆகவே வரலாற்றாசிரியர் நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழரை ஐயத்திலிருந்து விடுவிக்கவில்லை. சதாசிவப் பண்டாரத்தாரோ அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, சிற்றப்பனுக்கு விருப்பம் உள்ளவரை அரசு தனக்கு வேண்டாம் என்று அருள்மொழி விலகி நின்றதாகப் புகழ்கின்றன. அறிஞர்களே ஒருமித்த தீர்ப்பு வழங்காத வழக்கு இது.

இவ்விடத்தில்தான் கல்கியின் நேர்மை விளங்குகிறது. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் மடியும் காட்சியில் அவர் பலரைக் கூட்டி நிறுத்துகிறார். பழி பலர்மீதும் சாய்கிறது. ஆனால் இன்னார் கைதான் என்று ஐயத்திற்கு இடமின்றி அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. அதைவிட முக்கியமானது, அக்கொலைக்காகச் சிறைப்படுபவன் குற்றமற்ற வந்தியத்தேவன் என்பது. கொலை நடந்த இடத்தில் இருந்தான் என்ற ஒன்றே அவன்மேல் பழியாகிறது. ஊரே ஒருவனைக் குற்றவாளி என்று நினைக்கும்போது, அவன் குணத்தை அறிந்தவர்கள் என்ன செய்வார்கள்? கதையின் கடைசிப் பாகம் நம்மிடம் கேட்பது இதையே.

வந்தியத்தேவன் முற்றிலும் கற்பனை அல்லன். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகவும் இராசராசனின் தமக்கையாகவும் குந்தவைப் பிராட்டியைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவ்வளவே கல்லில் உள்ளது. அவன் குதிரையேறி வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்ததும், குந்தவையிடம் அவன் நெஞ்சம் நின்றதும் கல்கியின் படைப்பு. நந்தினியும் பூங்குழலியும் கற்பனைப் பெண்கள். அநிருத்தர் என்ற அமைச்சர் அன்பில் செப்பேட்டில் உள்ளார். பழுவேட்டரையர் மரபினர் பழுவூர்க் கல்வெட்டுகளில் உள்ளனர். இவ்வாறு பிரித்துப் பார்ப்பதால் கதையின் சுவை குறைவதில்லை, கூடுகிறது.

பிரித்துப் பாராமையால் வரும் தீங்கு சிறிதன்று. கதையில் படித்ததை வரலாறு என்று கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்களைக் கொலைகாரர் என்று மேடையிலும் திண்ணையிலும் பேசுகிறோம். கல்வெட்டில் வரும் பெயர்களின் குலத்தைச் சுட்டி, இன்று வாழும் மக்கள்மீது பகை வளர்ப்போரும் உண்டு. பொய்ச்சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளை, உயிரோடிருப்போருக்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ண வேண்டியதில்லை. இறந்தோர் எழுந்து வந்து தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. அவர்கள்மேல் பழி சுமத்துமுன் நாம் இருமடங்கு எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இல்லத்தில் எவ்வாறு படிக்கலாம்?

நாவல் படிப்பதே வீண் என்று நினைக்கும் பெற்றோர் சிலர் உண்டு. கையில் கிடைத்ததையெல்லாம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று விடுவோரும் உண்டு. இரண்டும் நன்றன்று. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, குடும்பமாகப் படிப்பதே நலம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டமையால் குறைந்த விலைப் பதிப்புகளும் கிடைக்கின்றன. தொடங்குவோருக்குப் 'பார்த்திபன் கனவு' ஏற்றது. அளவில் சிறியது, மர்ம முடிச்சோ இறுதிவரை நம்மை இழுத்துச் செல்வது. 'சிவகாமியின் சபதம்' வாதாபிப் போரைச் சொல்வது. அப்போரின் முன்னும் பின்னும் ஒற்றர்கள் செய்யும் வேலைகள் வளர்ந்த பிள்ளைகளுக்கு விருந்து. வெற்றி கிடைத்தும் மகிழ்ச்சி கிடைக்காத ஒரு முடிவு அதில் உள்ளது. பழிவாங்கும் சபதம் யாரை வாட்டும் என்று பிள்ளைகளுடன் பேச அதைவிட நல்ல வாய்ப்பு அரிது.

அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது; இராசேந்திர சோழன் காலத்தைக் காட்டுவது. சாண்டில்யனின் 'கடல் புறா', 'யவன ராணி' ஆகியவற்றில் கடற்போரும் போர்த்தந்திரமும் விறுவிறுப்பாக நகரும். ஆயினும் அவருடைய நடையில் பெண்களின் உருவ வருணனை மிகுதியாதலால், அவற்றைப் பக்குவம் வந்தவர்களுக்கு விடுவது நலம். காதலைப் பொறுத்தவரை நாம் கைக்கொள்ளத்தக்க உரைகல் ஒன்று உண்டு. கதையில் வரும் காதல், அவ்விருவரையும் மேலும் உண்மையுள்ளவர்களாக, பொறுப்புள்ளவர்களாக ஆக்குகிறதா? ஆக்குமாயின் அக்கதையை மகளுக்கும் மகனுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். காதலின் பெயரால் ஒருவர் மற்றவரைக் கருவியாக்கிக் கொள்வது கதையில் வருமாயின், அதையும் மறைக்காமல் அவர்களோடு பேசலாம்.

படித்து முடித்தபின் மூன்று கேள்விகளை வீட்டில் எழுப்பிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். இதில் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளது எது, ஆசிரியர் படைத்தது எது? பகைவன் என்று காட்டப்படுபவன் பக்கத்து நியாயம் கூறப்பட்டுள்ளதா? போரில் இறந்த பெயரற்ற மக்களுக்காகக் கதையில் ஒருவரேனும் கண்ணீர் வடித்தாரா? பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இக்கேள்விகளுக்கு விடை தேட முடியும். தேடப் பழகியவர் செய்தித்தாளையும் அவ்வாறே படிப்பார். கைப்பேசியில் வந்து விழும் செய்தியையும் அவ்வாறே சோதிப்பார்.

எழுதப்படாத கதை

மூன்றாவது கேள்வி நம்மை மீண்டும் சானமாவுப் பக்கம் அழைத்து வருகிறது. ஹென்டியின் நாவலில் ஆங்கிலேய இளைஞன் வீரன், திப்பு கொடுங்கோலன். நம் நாட்டில் எழுந்த வேறு சில கதைகளிலோ திப்பு குறையே இல்லாத வீரன். உண்மை இவ்விரண்டிற்கும் இடையே, சான்றுகளைப் பொறுமையுடன் எடைபோடுபவர்க்கே கிட்டும். ஆனால் இரு வகைக் கதைகளிலும் இடம் பெறாதவர்கள் உளர். படை வரும் செய்தி கேட்டு இராகியைக் குழியில் புதைத்துவிட்டு ஓடியிருக்கக்கூடிய உழவர், இரு படைகளுக்கும் எருதுகளில் தானியம் சுமந்த வணசாரியர், இன்று ஓர் அரசனுக்கும் நாளை மற்றோர் அரசனுக்கும் வழிகாட்ட வற்புறுத்தப்பட்டிருக்கக்கூடிய சிற்றூர் இளைஞன்: இவர்களுக்கு எல்லைக்கோடு என்பது வீட்டு வாசலைக் கடந்து சென்ற ஒரு கோடு. அக்கோட்டின் இருபுறமும் அவர்களுக்கு உறவினர் இருந்திருப்பர். பேசும் மொழி மூன்றாக இருந்திருக்கும்.

இத்தகைய ஓர் இளைஞனை நாயகனாகக் கொண்டு, 1792-க்கும் 1799-க்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளை ஒரு மர்ம நாவலாக எவரேனும் எழுதினால் எப்படியிருக்கும்? இரு பக்கமும் அவனை ஒற்றன் என்று ஐயுறும். எல்லைக்கு அப்பால் வாழும் ஒரு பெண்ணுக்கு அவன் வாக்குக் கொடுத்திருப்பான். யாரைக் காட்டிக் கொடுப்பது என்ற கேள்வி ஒருநாள் அவன் முன் வந்து நிற்கும். இதற்குத் தஞ்சைக்குப் போக வேண்டியதில்லை. இராயக்கோட்டை மலையும் கிருட்டிணகிரி மலையும் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. மதில்களின் எச்சங்களை ஏறிப் பார்க்கலாம்.

ஆகவே விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை இக்கோட்டைகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லில் பெயர் கீறாமல், கல் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அவர்தம் பாட்டன்மார் வழியே வந்த செய்திகளைக் கேட்டு, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து எழுதி வையுங்கள். கேட்டதை மிகைப்படுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அன்று மறைபணியாளர்கள் எழுதிவைத்த கடிதங்கள் பிற்கால அறிஞர்களுக்கு விளக்கானதுபோல், இன்று ஒரு பள்ளிப் பிள்ளையின் குறிப்பேடும் நாளைய எழுத்தாளருக்குச் சான்றாகலாம். கொலையுண்ட இளவரசனுக்காக ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நீதி கேட்கும் நாம், நம் ஊர் வழியே சென்ற போரில் பெயரின்றி மறைந்தவர்களையும் ஒருமுறை நினைப்பது தகும்.